அம்பு அந்தப் பக்கம்

வந்துட்டாங்க. படியில செருப்புச் சத்தம் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும், அழகர்சாமி சார் ஒவ்வொரு படிக்கும் நின்னு மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறுவார், போன வாரமும் அப்படித்தான் ஏறினார், ஆனா நான் கரூரம்மாவுக்கு, அதான் மாப்பிள்ளைப் பையனோட அம்மாவுக்கு, காலையில வாட்ஸப்ல எழுதினதையே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு உக்காந்திருந்தேன், நிமிர்ந்து பார்த்தா வாசல்ல அவர், பக்கத்துல அவர் கையைப் பிடிச்சுட்டு அவர் பொண்ணு கோகிலவாணி. எந்தப் பொண்ணைப் பத்தி எழுதினேனோ அதே பொண்ணு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வழக்கமா செய்யறதைத்தான் செஞ்சேன். ஆபீசுக்குள்ள யாராவது நுழைஞ்சா வாட்ஸப் விண்டோவோட தலையைப் பிடிச்சு வலது பக்கமா ஒரே தள்ளு. மவுசோட அம்பு போய் ஸ்க்ரீன் ஓரத்துல முட்டி நின்னுக்கும், விண்டோ முக்காவாசி வெளிய போய் ஒளிஞ்சுக்கும், ஒரு விரல் அகலம் மட்டும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும், பார்ட்டி போனதும் அந்த ஒரு விரலைப் பிடிச்சு இழுத்தா மறுபடி வந்துடும். மூடிட்டா தொறக்க நேரமாகுது, இது ரொம்ப சௌகரியம். வருஷக்கணக்கா இப்படித்தான். கல்யாணத் தகவல் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவளுக்கு மறைக்கத் தெரியலன்னா வேலைக்கே ஆகாது, பொண்ணு வீட்டுக்காரங்க சொன்னதை மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டக்கூடாது, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொன்னதைப் பொண்ணு வீட்டுக்குக் காட்டக்கூடாது. தள்ளிட்டேன். வாங்க சார், வாம்மா, உக்காருங்கன்னு சிரிச்சேன். சிரிச்சுட்டே வலது ஓரத்தைப் பார்த்தேன். அந்த ஒரு விரலைக் காணோம்.

அம்பையும் காணோம். மவுசை ஆட்டறேன், ஸ்க்ரீன்ல ஒண்ணும் அசையல. "மேடம், கண் ஆபரேசன் பண்ணி நாலு நாள்தான் ஆகுது, இவ வேணாம்னா, நான்தான் கேக்கல, நேர்ல போய்க் கேட்டாத்தான் மனசுக்குத் திருப்தின்னு வந்துட்டேன்" அப்படிங்கறார் பெரியவர். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கார், மூஞ்சியில பாதி அதுதான். நான் ஆமா சார், நல்லா பண்ணீங்க சார்ங்கறேன், கை மவுசைத் தேய்க்குது. எங்க போச்சு சனியன். மேல? இல்ல. கீழ? இல்ல. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நேத்து. நேத்து சாயங்காலம் மொதலாளி தன் அக்கா பையன் நிதினைக் கூட்டிட்டு வந்து எதிர்ப்பக்கம் இன்னொரு ஸ்க்ரீன் வெச்சார். என் ஸ்க்ரீனோட முதுகும் அந்த ஸ்க்ரீனோட முதுகும் ஒட்டிக்கிட்டு நிக்குது, பார்ட்டிங்க உக்காந்த எடத்துல இருந்தே போட்டோ பெருசா பாக்கலாமாம், நான் ஸ்க்ரீனைத் திருப்பித் திருப்பிக் காட்டறது கௌரவமா இல்லையாம். அந்த நிதின் என்கிட்ட சொன்னான், "மேடம், இனிமே உங்க ஸ்க்ரீன் இந்த ஓரத்தோட முடியாது, அப்படியே அந்த ஸ்க்ரீனுக்குள்ள போயிடும், போட்டோவைப் பிடிச்சு வலது பக்கம் தள்ளினா போதும், அவங்க பக்கம் தெரியும். மேல முட்டவெச்சா ஸ்க்ரீன் முழுக்க விரிஞ்சுக்கும்." நான் சரி சரின்னேன். பஸ்சுக்கு நேரமாகுதுன்னு சரி சரின்னேன். இனிமே ஓரம் இல்லைன்னு அவன் சொன்னது எனக்கு ஏறவே இல்ல.

அப்படின்னா அது அங்க இருக்கு. அவங்க பக்கம். அந்தப் பொண்ணு மூஞ்சிக்கு நேரா. இல்ல, இருக்காது, ஓரமாத்தான் இருக்கும், கொஞ்சூண்டு தெரியும், அந்தப் பொண்ணு பார்த்திருக்காது, இப்பத்தானே உக்காந்துச்சு, அப்பாவைப் பிடிச்சு உக்காரவெச்சுட்டு இப்பத்தான் பையை மடியில வெச்சுது. எப்படியாவது இழுத்துடணும். கண்ணுக்குத் தெரியாத அம்பை வெச்சு எப்படி இழுக்கறது? பட்டனை அமுக்கிப் பிடிச்சு இடது பக்கமா இழுத்தேன். ஏதோ கையில பிடிபட்ட மாதிரி இருந்துச்சு, இழுத்தேன், மேல போச்சோ கீழ போச்சோ தெரியல, விட்டுட்டேன். என் பக்கம் ஒண்ணும் வரல. என் ஸ்க்ரீன்ல கோகிலவாணியோட போட்டோதான் இருக்கு, ஸ்டூடியோக்காரன் வெளுக்க வெளுக்கத் தேச்சு எடுத்த போட்டோ, காதோரம் மட்டும் மறந்து விட்டுட்டான், அங்க நெசமான கலர் தெரியுது. அந்தக் காதோரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கூசுது.

எழுந்து சுத்திப் போய்ப் பார்த்தா என்ன? மேசையோட ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் பெரியவர் காலை நீட்டி உக்காந்திருக்கார், அவரை எழுப்பிவிட்டு, அந்தப் பொண்ணு முதுகுக்குப் பின்னால போய் நின்னுதான் பார்க்கணும். போய் நின்னா, எதுக்கு வந்தேன்னு அது திரும்பிப் பார்க்கும். அதுவரைக்கும் பார்க்காம இருந்தாக்கூட அப்பப் பார்த்துடும். வயரைப் புடுங்கிடலாமா? நேத்து அந்தப் பையன் வயரைப் புடுங்கினப்ப ரெண்டு ஸ்க்ரீனும் இருட்டாகி மொதலாளி கத்தினார். சுவிட்சு அந்தப் பக்கம், பெரியவர் கால்கிட்ட. கரண்ட் போயிடணும். சாமி, இப்பக் கரண்ட் போகணும், இந்தத் திண்டுக்கல்ல தெனமும் போற கரண்ட் இன்னிக்கு ஒரு தடவை போயிடக்கூடாதா. ஃபேன் நல்லா சுத்துது. ஆபீஸ் போனாவது கையில இருந்தா அதுல அழிச்சிருப்பேன், அது மொதலாளி பாக்கெட்ல இருக்கு, அவர் மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போயிட்டார்.

"அவளே சரின்னுட்டா மேடம்" அப்படிங்கறார் பெரியவர். போன்ல ஏற்கெனவே சொன்னதுதான், நேர்லயும் ஒரு தடவை சொல்றார். "எத்தனை போட்டோ காட்டியிருப்பேன், பாக்கறேன்பா பாக்கறேன்பாம்பா, அதோட சரி. இந்தக் கரூர் பையன் போட்டோவை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டா. சரிப்பான்னா. அவ அம்மா போனப்புறம் எங்க வீட்ல நான் சிரிச்சதே அன்னிக்குத்தான்." "அப்பா, போதும்பா" அப்படின்னுது பொண்ணு. வெக்கப்படல, அதட்டற மாதிரி மெதுவா. காலேஜ்ல பாடம் நடத்தற பொண்ணு, குரல் அப்படித்தான் இருக்கும். நான் நல்லது சார், சந்தோஷம் சார்னேன். என்ன ஜென்மம் நான்.

ஏன் எழுதினேன்? கேட்டாங்க, எழுதினேன். கரூரம்மா காலையில கேட்டாங்க, பொண்ணை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களே, எப்படி, உண்மையைச் சொல்லுங்கன்னு. கேட்டா சொல்லிடணுமா? நல்ல பொண்ணும்மா, பொறுமைசாலி, அப்பாவைக் கண்ணா பாத்துக்குதுன்னு எழுதியிருக்கலாம், அதுவும் உண்மைதானே. அதை எழுதல. "போட்டோல இருக்கற கலர் இல்லம்மா. நேர்ல நல்ல கறுப்பு. உங்க பையன் பக்கத்துல நின்னா எடுக்காது. பேசாம வேற பாருங்க." இதை எழுதினேன். எழுதிட்டு ஒரு வாய் டீ குடிச்சேன். அந்தம்மா ஆபீசுக்கு வந்தப்ப, இதே நாற்காலில உக்காந்து, உங்க மேல நம்பிக்கை வெச்சுத்தான் வந்திருக்கோம்னாங்க, நீங்க ஒளிவுமறைவு இல்லாம சொல்வீங்களாமேன்னாங்க, அதுல குளுந்து போயிட்டேன். அந்தப் பேரைக் காப்பாத்திக்க ஒரு பொண்ணைப் பலி குடுத்துட்டேன். அது மட்டுமா? எழுதும்போது ஒரு திருப்தி இருந்துச்சே, அது என்ன? பொய் சொல்லாதே அரசி. நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஒருத்தியை நான் எடை போடறேன்ங்கறது நல்லா இருந்துச்சு. வாய்க்கொழுப்பு கேள்விப்பட்டிருக்கேன், எனக்கு விரல்ல கொழுப்பு.

எனக்கு மட்டும் என்ன செவப்பா? நிலக்கோட்டையில எங்க வீட்டுக்கு வந்த ஒரு கூட்டம், மாப்பிள்ளையோட அத்தை ஒருத்தி, வாம்மா இங்கன்னு என்னை டியூப்லைட்டுக்குக் கீழ கூட்டிட்டுப் போய் நிறுத்தி, கைக்குட்டை நுனியைத் தண்ணில நனைச்சு என் கன்னத்துல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தா. பவுடரான்னு பாக்கறாளாம். எல்லார் முன்னாலயும். அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார், அம்மா கேசரியை எடுத்து வெச்சுட்டே இருந்தா. கைக்குட்டையில பவுடர் வந்துச்சு. ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்னாங்க. எத்தனை கூட்டம் வந்து அப்படிச் சொல்லிட்டுப் போச்சு, வயசு போனப்புறம்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. அந்த ஈரம் இன்னும் கன்னத்துல இருக்கு, பஸ்சுல போறப்ப ஜன்னல்கிட்ட சாரல் அடிச்சா திடுக்குன்னு அதுதான் ஞாபகம் வருது. இதெல்லாம் மறந்து போயா எழுதினேன்? மறக்கல. ஞாபகம் வெச்சுட்டேதான் எழுதினேன். அதுதான் இன்னும் கேவலம்.

பெரியவரோட கறுப்புக் கண்ணாடியில ஏதோ தெரியுது. ரெண்டு கண்ணுலயும் ரெண்டு சின்ன சதுரம், வெள்ளையா. எதிர் ஸ்க்ரீன்தான் அதுல விழுது. அந்த ஸ்க்ரீன்ல நிதின் வெச்சது செவப்புப் படம், ரெண்டு மாலை, நடுவுல நல்வரவுன்னு மஞ்சள் எழுத்து. செவப்பாத்தானே தெரியணும்? டியூப்லைட்டா இருக்கும். டியூப்லைட்டு நீட்டமா இல்ல தெரியும். தண்ணி பாட்டிலை எடுக்கற சாக்குல எட்டிக் குனிஞ்சு பார்த்தேன், அவர் தலையைத் திருப்பிட்டார், சதுரம் போயிடுச்சு. திருப்பினவர் ஸ்க்ரீனைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கறார். "ஏம்மா கோகிலா, இது புதுசா இருக்கே. டிவி மாதிரி வெச்சிருக்காங்க. என்னமோ எழுத்துத் தெரியுதே, எனக்கு மங்கலா இருக்கு, என்ன எழுதியிருக்கு, படி."

அந்தப் பொண்ணு ஸ்க்ரீனைப் பார்க்குது. ரெண்டு ஸ்க்ரீனுக்கும் மேல அதோட கண்ணும் நெத்தியும்தான் எனக்குத் தெரியுது. கண்ணு இடதுல இருந்து வலதுக்குப் போகுது, கீழ எறங்குது, மறுபடி இடதுல இருந்து வலதுக்குப் போகுது. படிக்குதா? எவ்வளவு நேரம் படிக்குது? சொல்லேன்டி அம்மா, எதுவா இருந்தாலும் சொல்லித் தொலையேன். பெரியவர் காதைச் சாய்ச்சுட்டு உக்காந்திருக்கார்.

"நல்வரவுன்னு போட்டிருக்குப்பா. மாலை படம் போட்டு."

"பேஷ்" அப்படின்னார் பெரியவர். எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. அப்பாடா. அங்க இல்ல. விண்டோ அங்க போகல, எங்கயோ ரெண்டு ஸ்க்ரீனுக்கும் நடுவுல மாட்டிட்டு நிக்குது போல, கம்ப்யூட்டருக்கே வெளிச்சம். செத்துப் பொழைச்ச மாதிரி இருக்கு. முதுகெல்லாம் வேர்வை, ஜாக்கெட் ஒட்டிக்கிச்சு. ஒரு வார்த்தையைப் படிக்க அந்தப் பொண்ணுக்கு ஏன் அவ்வளவு நேரமாச்சுன்னு மனசு ஒரு மூலையில கேக்குது, போடி அந்தாண்டைன்னு அதை வெரட்டறேன். கண்ணாடி மாட்டாத பொண்ணு, தூரப்பார்வையா இருக்கும். இந்த ஜென்மத்துல இனி இப்படி எழுத மாட்டேன். மீனாட்சித் தாயே, உன் மேல சத்தியமா எழுத மாட்டேன். இவங்க எறங்கிப் போனதும் மொத வேலை அதை அழிக்கறதுதான், அந்தம்மா இன்னும் பார்த்திருக்க மாட்டாங்க, காலையில பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கெளப்பற நேரம், பார்த்திருந்தா பதில் வந்திருக்கும், பதில்தான் வரலையே, அழிச்சுட்டு நல்ல பொண்ணும்மான்னு எழுதிடுவேன்.

டிங்னுது.

கம்ப்யூட்டர்ல இருந்துதான். வாட்ஸப். யாரோ பதில் போட்டாங்க. கரூரம்மாவாத்தான் இருக்கும், வேற யாரு இந்நேரம். என் ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியல. ஆனா அந்தப் பொண்ணோட கண்ணு கீழ போச்சு. சத்தம் கேட்டா யாரா இருந்தாலும் பார்க்கத்தானே செய்வாங்க. கீழ போன கண்ணு அங்கேயே நின்னுச்சு. அப்புறம் நிமிர்ந்து, ஸ்க்ரீன் ஓரமா எட்டி என்னைப் பார்த்துச்சு. இதுவரைக்கும் என்னைப் பார்க்கவே இல்லைன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. மூஞ்சியைப் பார்த்துச்சு, கழுத்தைப் பார்த்துச்சு, மவுஸ் மேல இருக்கற என் கையைப் பார்த்துச்சு, கையையே கொஞ்ச நேரம் பார்த்துச்சு. கோவமா இருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். கோவம் இல்ல. தன் வீட்டு ஆளைப் பார்க்கற மாதிரி ஒரு பார்வை. எனக்கு அது என்னன்னே தெரியல. மடியில இருந்த பையை எடுத்து மேசை மேல, அப்பாவுக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல வெச்சுது.

"அக்கா, அம்பைத் தேடறீங்களா? இந்தப் பக்கம் இருக்கு."

அக்கா. உள்ள வந்ததுல இருந்து வணக்கம் மேடம், பரவால்ல மேடம்னுதான் சொல்லிட்டிருந்துச்சு. போன வாரமும் மேடம்தான். "அங்கயா இருக்கு? வேற... வேற ஏதும் தெரியுதாம்மா அதுல?" என் குரல் எனக்கே பிடிக்கல.

"இல்லக்கா. அம்பு மட்டும்தான்."

பெரியவர் தொண்டையைச் செருமறார். இதுக்குத்தான் படியேறி வந்திருக்கார். கையை முழங்கால் மேல வெச்சுக்கறார், ஸ்கூல் பையன் மாதிரி. "அப்புறம் மேடம்... கரூர்ல என்ன சொல்றாங்க?" கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பி நிக்குது. பொண்ணும் பார்க்குது. அசையாம, அவசரப்படாம, நான் என்ன சொல்லப்போறேன்னு பார்க்குது. இப்பச் சொல்லியிருக்கலாம். சார், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அந்தம்மாகிட்ட நானே பேசி சரி பண்றேன்னு சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்துச்சு. என் வாய்க்குப் பழகின வார்த்தை முந்திக்கிச்சு. "யோசிக்கிறாங்க சார். நல்ல எடம் பாருங்க, நாலையும் யோசிச்சுத்தானே சொல்வாங்க. சொன்னதும் நானே போன் பண்றேன்." சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பை எந்தக் கடையில வாங்கினேனோ.

அந்தப் பொண்ணு என் மூஞ்சியில இருந்து கண்ணை எடுத்துடுச்சு. "யோசிக்கட்டும்பா. நாமளும் யோசிக்கலாம். வாங்க, டாக்டர் வெயில்ல அலையக் கூடாதுன்னாரில்ல" அப்படின்னு எழுந்துச்சு. பெரியவருக்கு மனசே இல்ல, இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு பார்க்கறார், அது தோளைத் தொட்டு எழுப்புது. அவர் முழுசாத் திரும்பி வாசலைப் பார்க்கற வரைக்கும் பையை எடுக்கவே இல்ல. அப்புறம்தான் எடுத்துச்சு. "வரேங்க்கா" அப்படின்னுது. நான் எழுந்து நின்னேன், போய்ட்டு வாங்கன்னேன், எல்லாம் சரியாத்தான் சொன்னேன். படியில செருப்புச் சத்தம். ஒரு படி, நிப்பு. ஒரு படி, நிப்பு.

அவங்க தலை மறைஞ்சதும் நான் மேசையைச் சுத்திட்டு ஓடினேன். அம்பு மட்டும்தான் இருக்குன்னு சொன்னாளே, அந்த அம்பைப் பிடிச்சு இழுத்து இந்தப் பக்கம் கொண்டாந்துடணும். வந்து பார்த்தா வெள்ளை. ஸ்க்ரீன் முழுக்க வெள்ளை. நல்வரவும் இல்ல, மாலையும் இல்ல. நான் குருட்டுத்தனமா இழுத்ததுல மேல முட்டி முழுசா விரிஞ்சு நிக்குது வாட்ஸப், இந்தப் புது ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் கட்டை விரல் அளவுக்கு. அந்தப் பொண்ணு உக்காந்திருந்த நாற்காலியிலேயே உக்காந்துட்டேன், சூடு இன்னும் இருக்கு. மேல அந்தப் பொண்ணோட போட்டோ, கரூரம்மாவுக்கு நான் அனுப்பினது. அதுக்குக் கீழ நான் எழுதினது. நேர்ல நல்ல கறுப்பு. உங்க பையன் பக்கத்துல நின்னா எடுக்காது. இந்த நாற்காலில இருந்து படிச்சா வேற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை படிச்சாளே, இடதுல இருந்து வலதுக்கு, மறுபடி இடதுல இருந்து வலதுக்கு. படிச்சுட்டு அப்பாகிட்ட நல்வரவுன்னு சொன்னா. யோசிக்கிறாங்கன்னு நான் அளந்தப்ப அந்த மூஞ்சியை வெச்சுட்டு உக்காந்து கேட்டா. அதுக்கும் கீழ, டிங்னு வந்தது. அம்பு சரியா அது மேலதான் நிக்குது.

"எவ்வளவு கறுப்புங்க? உங்க கலர் இருக்குமா?"

கன்னத்துல ஈரம் பட்ட மாதிரி இருந்துச்சு, கையை வெச்சு அமுக்கிக்கிட்டேன். அதான் கையைப் பார்த்தா. அதான் அக்கான்னா. அவளை நான் எங்க தள்ளினேனோ அங்கதான் நானும் நின்னுட்டிருக்கேன்னு படிச்சவ அவ, படிச்சுட்டு எனக்குப் பாவம் பார்த்தவளும் அவ. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. எழுந்து வெளிய ஓடினேன், படிக்கட்டு மேல நின்னு குனிஞ்சு பார்த்தேன். கடைசிப் படிக்கு வந்துட்டாங்க, அவரை ஒரு கையில தாங்கிப் பிடிச்சிருக்கா, இன்னொரு கையில குடை. கோகிலான்னு கூப்பிட்டேன். நிமிர்ந்தா. என் கன்னத்துல இருக்கற கையைப் பார்த்தா. எல்லாத்தையும் சொல்லணும்னுதான் நின்னேன்.

"அம்பு வந்துடுச்சாக்கா?" அப்படின்னு கீழ இருந்து கேட்டா.

"என்ன அம்பும்மா?" அப்படின்னார் பெரியவர்.

"ஒண்ணுமில்லப்பா. படி பாத்து."

வந்துடுச்சும்மான்னு சொன்னேன். எனக்கே கேக்கல.